கப்பல் பயணத்திற்கு எத்தனை ஜோடி காலணிகள்?

கப்பல் சுற்றுலாவுக்குப் போய்வந்தவர்கள் அங்கே கிடைத்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார்கள், அறையின் வசதியைப் பற்றிச் சொல்வார்கள், நடுக்கடலில் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். காலில் எதைப் போட்டுக்கொண்டு போனார்கள், அது போதுமானதாக இருந்ததா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள், எனக்கும் என் அக்காவுக்கும் அங்கிருந்து புறப்பட்டு மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் கப்பலில் இடம் பதிவு செய்து கொடுத்தாள். சேலத்தில் எங்கள் தெருவிலும் சரி, உறவிலும் சரி, கப்பலில் போனவர் ஒருவர்கூட இல்லை. கடவுச்சீட்டு, விசா, காப்பீடு ஆகியவற்றுக்கெல்லாம் வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். காலணி என்ற சின்ன விஷயத்திற்கு யாரும் இல்லாததால் நானே தட்டுத் தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அதற்குக் கொடுத்த விலை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், 8,000 ரூபாய்க்கு மேல். பினாங்கில் வீணாய்ப்போன பொழுது தனிக்கணக்கு. இனிப் போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஆலோசனைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. என் நாத்தனார், பட்டுப்புடவைக்கு ஒன்று, பருத்திப் புடவைக்கு ஒன்று, சுடிதாருக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, குளிக்குமிடத்திற்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகனோ, "ஒரே ஒரு ஷூ போதும் பெரியம்மா, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். பயண முகவர் கொடுத்த தாளில் இரவு விருந்துக்கு எப்படிப்பட்ட உடை வேண்டும் என்று பாதிப் பக்கத்திற்கு எழுதியிருந்தது. காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இத்தனை பேரும் உடையைப் பார்த்தே காலணியை எண்ணினார்கள் என்பது எனக்குக் கப்பலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. எண்ண வேண்டியது உடைகளை அல்ல, நாம் கால் வைக்கப் போகும் தரைகளை. ஈரமான தரை, நெடுந்தூரம் நடக்கும் தரை, கம்பளம் விரித்த தரை என்று கப்பல் பயணத்தில் மூன்று வகைதான் உண்டு. அவற்றுக்கு மேல் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு ஜோடியும் பெட்டிக்குப் பாரமே.

பாரம் என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். சேலத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இல்லை. கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் ஏற வேண்டும். நாங்கள் திருச்சியிலிருந்து குறைந்த கட்டண விமானம் ஒன்றில் போனோம். இத்தகைய விமானங்களில் பெட்டிக்கான எடையைத் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போதே வாங்கினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் நின்று வாங்கினால் அதைவிடப் பன்மடங்கு அதிகமான விலை. பெண்கள் அணியும் தடித்த அடிப்பாகமுள்ள சாண்டல் ஒரு ஜோடி அரைக் கிலோவைத் தாண்டும், நடைக்கான ஷூ முக்கால் கிலோவை நெருங்கும், ஆண்களின் தோல் ஷூ பெரும்பாலும் ஒரு கிலோ அளவுக்கு வரும். நாங்கள் எங்கள் காலணிகளை அட்டைப்பெட்டிகளோடு வைத்திருந்தோம். கவுண்டரில் எடை போட்டபோது 3 கிலோ கூடுதல் என்றார்கள், 2,400 ரூபாய் கட்டினேன். பின்னர் கணக்குப் பார்த்தால், அட்டைப்பெட்டிகளும் அவசியமில்லாத காலணிகளும் சேர்ந்துதான் அந்த 3 கிலோவை ஏற்றியிருந்தன. எங்கள் ஊரில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் பட்டறைக்குப் பட்டறை தராசு இருக்கிறது, ஆனால் அதில் கொலுசைத்தான் நிறுக்க முடியும், பெட்டியை அல்ல. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி இருந்தால், பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்று, பிறகு வெறுமனே ஏறி நின்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஷூவின் உட்குழிவில் காலுறைகளையும் மருந்துப் பொட்டலத்தையும் திணித்து, பழைய தலையணை உறையில் சுற்றி வைத்தால் இடமும் மிச்சமாகும், ஷூவின் வடிவமும் கெடாது. இருப்பதிலேயே கனமான ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது வழக்கமான யோசனைதான் என்றாலும், பாதுகாப்புச் சோதனையில் கழற்றச் சொன்னால் எளிதில் கழற்றி மாட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இனி நடைக்கான ஷூ. என் வயதுப் பெண்கள் பலருக்கு ஷூ என்பதே புதிது. பள்ளிக்கூடத்தில் போட்டதோடு சரி. சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடையில், கூட்டம் குறைவாக இருக்கும் என்று காலை வேளையில் போய், போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று 2,999 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். மாலையில் வீட்டில் போட்டபோது காலை இறுக்கிப் பிடித்தது. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் இருந்தால் பாதம் சற்று வீங்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். விமானத்தில் உட்கார்ந்தே இருந்தாலும் கூடும். ஆகையால் காலணி வாங்கப் போவது மாலையிலாக இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, அதை எந்தக் கடைக்காரரும் என்னிடம் சொல்லவில்லை: காலில் மெட்டி போட்டிருக்கும் பெண்களுக்கு வழக்கமான அளவு ஷூ சரிப்படாது. இரண்டாவது விரலில் இருக்கும் வெள்ளி, ஷூவுக்குள் பக்கத்து விரலை ஓயாமல் அறுக்கும். கணுக்காலைத் தொடும் ஷூவாக இருந்தால் கொலுசும் அதன் விளிம்பில் சிக்கி உராயும். முன்பக்கம் அகலமான ஷூவாகப் பார்த்து, மெட்டியோடும் காலுறையோடும் போட்டு, நிமிர்ந்து நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பயணத்திற்காகக் கனமான மெட்டியைக் கழற்றி, மெல்லிய வளையமாகப் போட்டுக்கொள்வதும் ஒரு வழி. அக்கா அப்படித்தான் செய்தார்.

வாங்கிய ஷூவைப் பழக்குவதற்காக ஏற்காடு போனோம். சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு வசதி. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஏற்றமும் இறக்கமும் கல்லும் சேறும் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஏரியைச் சுற்றி நடந்தபோது எந்தத் தொந்தரவும் இல்லை. சேர்வராயன் கோயில் இருக்கும் மலையுச்சியின் திடலில் நடந்தபோதும் இல்லை. கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையில்தான் உண்மை தெரிந்தது. இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் ஒவ்வொரு படியிலும் ஷூவின் நுனியில் போய் இடித்தது. மறுநாள் காலையில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. ஒன்று பின்னர் விழுந்தே விட்டது. சமதளத்தில் எந்த ஷூவும் நல்ல ஷூவாகத்தான் தெரியும், இறக்கம்தான் அளவைக் காட்டும். ஏற்காட்டில் தேய்ந்து சேறுபட்ட அடிப்பாகத்தைப் பார்த்த கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2,999 ரூபாய் போனது. இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. வாங்கி வந்த அன்றே, வெளியே போகாமல், வீட்டு மாடிப்படியில் காலுறையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி இடித்தால், அடிப்பாகம் சுத்தமாக இருக்கும்போதே கொண்டுபோய் அடுத்த அளவை வாங்கிக்கொள்ளலாம். எல்லா விரல்களிலும் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்திற்கு இடம் இருக்க வேண்டும். அப்படி வாங்கிய இரண்டாவது ஜோடியைப் பின்னர் ஏற்காட்டில் நன்றாக நடந்து பழக்கினேன், கடைசிவரை அது என்னைக் கைவிடவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி சற்றுக் குறைவு. மருத்துவர் எழுதிக்கொடுத்த, மெத்தென்ற ரப்பர் அடிப்பாகமுள்ள எம்.சி.ஆர். செருப்பைத்தான் வீட்டிலும் வெளியிலும் போடுகிறார். கப்பலுக்கு அதைப் போட்டுக்கொண்டு வரமாட்டேன், பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் போலத் தெரியும் என்று பிடிவாதம் பிடித்தார். இப்போது அதே மெத்தென்ற ரப்பர் அடிப்பாகத்தோடு, பின்வார் வைத்து, தோல் மேல்பாகத்தோடு பார்வைக்கு வழக்கமான சாண்டல் மாதிரியே செய்து தருகிறார்கள். அளவு கொடுத்துச் செய்து வாங்கினோம். பின்வார் என்பது அலங்காரத்திற்காக அல்ல. உணர்ச்சி குறைந்த காலிலிருந்து செருப்பு கழன்று போனால்கூட உடனே தெரியாது. வெறுங்காலில் சில அடி நடந்த பிறகே தெரியவரும், அதற்குள் கல்லோ ஆணியோ குத்திவிட்டால் அது பெரிய வினையாகிவிடும். சர்க்கரை நோயாளிகள் புதுக் காலணியை முதல் நாள் அரை மணி நேரத்திற்கு மேல் போடாமல், கழற்றியதும் பாதத்தில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆகவே அவர்கள் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே வாங்கிவிடுவது நல்லது. இரவு விருந்து உட்பட எல்லா இடங்களுக்கும் அக்கா அந்த ஒரே சாண்டலைப் போட்டுக்கொண்டு வந்தார், யாரும் அவரை ஏற இறங்கப் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். பெட்டியில் கட்டும் சீட்டில் அறை எண்ணை எழுதி அனுப்பிவிட்டால், அது அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கப்பலில் ஏறியதும் எல்லோரும் சாப்பிடவும் மேல்தளத்திற்குப் போகவும் கிளம்பிவிடுகிறார்கள். விமானத்திற்காகப் போட்ட கனத்த ஷூவோடு, வீங்கிய காலோடு, மாலைவரை நான் மேலும் கீழும் நடந்தேன். அபாய ஒத்திகை என்று ஒன்று உண்டு, அதற்கும் எல்லோரும் தங்களுக்குரிய இடத்திற்குப் போய்வர வேண்டும். இலேசான ஒரு செருப்பைக் கைப்பையில் வைத்திருந்தால் இந்தத் துன்பமே இருந்திருக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் நீச்சல் உடையையும் ரப்பர் செருப்பையும் கண்டிப்பாகக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதல் நாள் குளத்தைப் பார்த்து அழும் குழந்தையைச் சமாளிக்க முடியாது.

கப்பலின் தரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அறை ஒரு முனையிலும் உணவுக்கூடம் மறுமுனையிலும் இருந்தால், மூன்று வேளையும் சாப்பிட்டு வருவதே ஒரு நடைப்பயிற்சி. லிஃப்ட் முன்னால் கூட்டம் நிற்பதால் படியேறுவதும் அதிகம். அறைகளுக்கு இடையிலான நடைக்கூடங்களில் கம்பளம், நடுக்கூடத்தில் வழுவழுப்பான கல், திறந்த மேல்தளத்தில் நீர் தெளித்த பலகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பயணம் செய்வதால் மதியத்தில் மேல்தளம் வெறுங்கால் வைக்க முடியாதபடி சுடும், அதிகாலையிலோ கழுவிவிட்ட ஈரத்தோடு வழுக்கும். வீட்டில் போடும் ஹவாய்ச் செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருந்தால் அங்கே கொண்டுபோகவே வேண்டாம். குளத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் சறுக்கி விழுந்தார். கப்பலில் இருந்து கரைக்கு இறங்கும் பாலம் உலோகத்தாலானது, நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப அதன் சரிவு மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் வரிவரியாக மேடுகளும் இடைவெளிகளும் உண்டு. குதி உயர்ந்த காலணியோடு அதில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல. உடற்பயிற்சிக் கூடத்தில் மூடிய ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். பெரும்பாலான கப்பல்களில், இரவு உணவுக்கான முக்கியக் கூடத்திற்குக் கடற்கரை ரப்பர் செருப்போடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டியதை நாமே எடுத்துச் சாப்பிடும் கூடத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை. விசேஷ உடை அணியச் சொல்லும் இரவு, குறுகிய பயணங்களில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு இரவுக்காக நாம் சுமக்கும் எடையை நினைத்துப் பாருங்கள்.

போர்ட் கிளாங்கில் இறங்கியவர்களில் தமிழர்கள் பெரும்பாலோர் பத்துமலைக்குத்தான் கிளம்பினார்கள். பேருந்தில் ஒரு மணி நேரத்திற்கும் மேலான தூரம். அங்கே 140 அடி உயர முருகன் சிலை 2006இல் திறக்கப்பட்டது. நம் சேலம் மாவட்டத்தில், வாழப்பாடிக்கு அப்பால் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் எழுந்த முருகன் 146 அடி என்பதை அக்கா அங்கே நின்றுகொண்டு பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குகைக்கு ஏற 272 படிகள். செங்குத்தானவை, சில இடங்களில் பாதம் முழுதாகப் பதியாத அளவுக்குக் குறுகலானவை. வண்ணம் பூசிய படிகள் மழை பெய்தால் வழுக்கும். மேலே குகைக்குள் சுண்ணாம்புக்கல் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் தரை ஈரமாகவே கிடக்கும். சன்னிதிக்கு முன் காலணியைக் கழற்ற வேண்டும், ஆகையால் கயிறு கட்டும் ஷூவைவிட ஒட்டுப்பட்டை ஷூவோ பின்வார் சாண்டலோ நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கோயில் தரையில்கூட வெறுங்கால் ஆகாது. அக்காவுக்காகத் தடித்த காலுறை ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் போனோம், சன்னிதியில் அதைப் போட்டுக்கொண்டு போய், வெளியே வந்ததும் கழற்றி, பாதத்தைத் துடைத்துவிட்டுச் சாண்டலைப் போட்டார். ஏற்காட்டில் இறங்கிப் பழகிய ஷூ எனக்கு இங்கே கைகொடுத்தது. புதிதாக வாங்கிய காலணியோடு வந்திருந்த ஒரு பெண், பாதிப் படியில் உட்கார்ந்து குதிகாலில் கிளம்பிய கொப்புளத்திற்கு என்னிடம் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டார். பிளாஸ்திரி, காகித ஒட்டுநாடா, கொஞ்சம் பஞ்சு ஆகியவற்றைக் கரைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் கைப்பையில் வையுங்கள். கப்பலின் மருத்துவ அறையில் சின்னச் சிகிச்சைக்கும் டாலரில் கட்டணம் வாங்குவார்கள்.

அன்று இரவுதான் விசேஷ உடை இரவு. மகள் திருமணத்திற்காக வாங்கிய, சற்றே குதி உயர்ந்த சாண்டல் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். திருமணத்தன்று போட்டதற்குப் பிறகு தொடவே இல்லை, மேல்பாகம் புதுசு போலவே இருந்தது. அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து கிளம்பினோம். நடைக்கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வருவதற்குள் காலின் கீழ் ஏதோ மெத்தென்று நசுங்குவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கம்பளத்தில் ஈரக் காப்பித்தூளைப் போலக் கறுப்புத் துகள்கள். இன்னும் சில அடிகள் வைத்ததும் வலது அடிப்பாகம் முழுவதும் பிய்ந்து கழன்றது. இடதும் பின்னாலேயே போனது. பளிச்சென்று உடை அணிந்த கூட்டத்துக்கு நடுவில், பட்டுப்புடவையோடு, வெறும் மேல்தோலை மட்டும் காலில் மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. துப்புரவுப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து துகள்களை அள்ளினார். "இது அடிக்கடி நடப்பதுதான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதுதான் எனக்கு அன்றைய ஆறுதல்.

அடிக்கடி நடப்பது ஏன் என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். மெத்தென்றும் இலேசாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகப் பல காலணிகளின் அடிப்பாகத்தைப் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் செய்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும், போடாமல் மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். சேலத்துக் கோடையில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில், நாம் பத்திரப்படுத்துவதாக நினைத்து வைக்கும் காலணி சில ஆண்டுகளில் உள்ளுக்குள் உளுத்துப்போகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, எடை தாங்கும்போதுதான் உதிரும். ஆண்கள் திருமண வரவேற்புக்கு வாங்கி வைக்கும் ஷூக்களுக்கும் இதே கதிதான். ஆகவே பழைய காலணியை எடுத்துப் போவதாக இருந்தால், அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பிசுபிசுத்தாலோ, தழும்பு அப்படியே நின்றாலோ, வளைக்கும்போது மயிரிழை விரிசல் தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும், புறப்படுவதற்கு முந்தைய வாரம் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள். கெட்டியான ரப்பர் அடிப்பாகத்திலும் தைத்த தோல் அடிப்பாகத்திலும் இந்தத் தொல்லை இல்லை.

அன்று இரவு என்னிடம் மிஞ்சியது நடை ஷூவும் ரப்பர் செருப்பும்தான். கப்பலில் கடைகள் இருந்தன. கைக்கடிகாரமும் வாசனைத் திரவியமும் நகையும் இருந்தனவே தவிர, அவசரத்துக்குப் போட ஒரு ஜோடி செருப்பு கிடைக்கவில்லை. பட்டுப்புடவைக்குக் கீழே நடை ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை, புடவை அனைத்தையும் மறைத்துவிட்டது. ஆனால் இன்னொரு தொல்லை முளைத்தது. குதி உயர்ந்த சாண்டலின் உயரத்திற்கு ஏற்பக் கொசுவம் வைத்துக் கட்டிய புடவை, தட்டையான ஷூவுக்கு மாறியதும் தரையில் புரண்டு காலில் சிக்கியது. ஆடும் கப்பலின் படிக்கட்டில் அது ஆபத்து. அறைக்குத் திரும்பி மறுபடி கட்டிக்கொண்டு போவதற்குள் முதல் வகை உணவே முடிந்திருந்தது. புடவை கட்டும் பெண்கள் பயணம் முழுவதும் ஒரே குதி உயரத்தில் இருக்கும் காலணிகளாக எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. கப்பல் சிறிதே ஆடினாலும் உயரக் குதி தடுமாறவைக்கும் என்பதால், அந்த உயரம் தட்டையாக இருப்பதே மேல்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நின்றது. நடக்கும் தூரத்திலேயே லிட்டில் இந்தியா, 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், தமிழ்ப் பெயர்ப்பலகை வைத்த கடைகள். அன்றைய பொழுதை அங்கே கழிப்பதாகத்தான் திட்டம். நானோ ரப்பர் செருப்பு அல்லாத இன்னொரு இலேசான ஜோடி வேண்டும் என்று வாடகைக்காரில் பேரங்காடி தேடிப் போனேன். என் கால் அகலம், அங்கே கிடைத்தவை குறுகலானவை; கடைக்குக் கடை ஏறி இறங்கி, கடைசியில் 119 ரிங்கிட் கொடுத்துப் பின்வார் வைத்த தட்டைச் சாண்டல் ஒன்று வாங்கினேன். நம் பணத்தில் 2,300 ரூபாய். போகவர வாடகைக்கார் 600 ரூபாய்க்குக் குறையாது. மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. பணத்தை விட இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

புக்கெட்டில் எங்கள் கப்பல் கரையை ஒட்டவில்லை. நங்கூரமிட்டு நின்ற கப்பலிலிருந்து சிறு படகில் கரைக்கு அழைத்துப் போனார்கள். மேலும் கீழும் அசையும் படகுக்கும் மிதக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு காலை எடுத்து வைக்க வேண்டிய அந்தக் கணத்தில், பணியாளர்கள் இரண்டு பக்கமும் முழங்கையைப் பிடித்துக்கொண்டாலும், காலில் இருப்பது கழலாததாக இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் போன ஒரு இளைஞரின் செருப்பு ஒன்று கடலுக்குள் போய்விட்டது. அங்கே இறங்கியதும் மணல்; நனைந்தால் சீக்கிரம் உலரும் செயற்கை வார் சாண்டல் இருந்தால் போதும். நனைந்த ஷூவைக் குளிரூட்டிய அறையில் உலர்த்துவது எளிதல்ல, உள்ளே காகிதத்தைத் திணித்து வைத்தாலும் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

இவ்வளவும் பட்ட பிறகு நான் சொல்லும் எண்ணிக்கை, காலில் போட்டிருப்பதையும் சேர்த்து மூன்று ஜோடி. நன்றாகப் பழகிய நடை ஷூ ஒன்று. நனையக்கூடிய, பின்வார் உள்ள, பிடிப்பான அடிப்பாகம் உள்ள சாண்டல் ஒன்று. இரவு உணவுக்குத் தட்டையான, பார்வைக்கு அடக்கமான ஒன்று. ரப்பர் செருப்பு அறைக்கும் குளத்திற்கும் வசதிதான், ஆனால் இரண்டாவது சாண்டலே அந்த வேலையையும் செய்யும் என்பதால் அது விருப்பத்தைப் பொறுத்தது. ஆண்களுக்கு, வேட்டிக்கும் பேண்டுக்கும் பொருந்துகிற கறுப்பு நிற நடை ஷூ ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டே ஜோடி போதும். கனமான தோல் ஷூவை எடுத்துப் போக எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. வளரும் பிள்ளைகளுக்குப் புறப்படும் வாரத்தில் பள்ளி ஷூவைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், விடுமுறையில் கால் வளர்ந்திருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் விதி வேறு: ஒரே மாதிரி எம்.சி.ஆர். சாண்டல் இரண்டு ஜோடி கொண்டுபோக வேண்டும், ஒன்று அறுந்தால் வெளிநாட்டில் அதற்கு மாற்றாக எதையாவது வாங்கிப் போடும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

ஊருக்கு வந்ததும், அடிப்பாகம் கழன்ற சாண்டலைப் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் காட்டினேன். "இந்த நுரை சோலுக்குப் பசையும் நிக்காதுங்கம்மா, தையலும் நிக்காதுங்க, மேல்தோல் நல்லாத்தான் இருக்குது, ரப்பர் சோல் வெச்சுத் தெச்சுத் தர்றேனுங்க" என்றார். 550 ரூபாய் வாங்கிக்கொண்டு, குதியைத் தட்டையாக்கி, சுற்றிலும் தையல் போட்டுக் கொடுத்தார். பயணத்திற்கு முன்பே இதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் குறைந்தது ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள், முகூர்த்த மாதங்களில் அவரிடம் காத்திருக்கும் ஜோடிகள் அதிகம்.